உல்லாசக் கப்பல்களும் மதுமயக்கமும்

கடற்பிரயாணத்தைப்பற்றிப் பேசிய நம் முன்னோர், புயலையும் பாறையையும் கடற்கொள்ளைக்காரரையுமே அஞ்சத்தக்கனவாக எடுத்துரைத்தனர். இக்காலத்து உல்லாசக் கப்பலில் ஏறுவோர்க்கு இவற்றால் வரும் அச்சம் பெரிதும் நீங்கிவிட்டது. பல மாடிகளையுடைய மாளிகையொன்று நீர்மேல் மிதந்து செல்வதுபோல அக்கப்பல்கள் செல்லுகின்றன. ஆங்கே நாடகசாலை உண்டு, நீந்துதற்குக் குளம் உண்டு, நூல்நிலையமும் உண்டு. நூல்நிலையம் ஒன்றாயின் மதுச்சாலைகள் பத்துக்குக் குறையா. புயலுக்கு அஞ்சாத பிரயாணி, நள்ளிரவில் மதுமயங்கி நடைபாதையில் வரும் மற்றொரு பிரயாணிக்கு அஞ்சவேண்டிய காலம் இது.

இவ்வச்சத்தை மிகைப்படுத்திக் கூறுதல் எம் நோக்கமன்று. 2023-ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் 3 கோடியே 17 லட்சம் பேர் இத்தகைய கப்பல்களிற் சென்றனர். அவருட் கலகம் விளைத்தோர் மிகச் சிலரே. அச்சிலர் குடித்து வெறித்துத் தீங்கிழைக்குங்கால் அவரை அடக்குவது எங்ஙனம் என்று பலரும் வினவுகின்றனர். அத்துணை மதுவை அவர்க்கு விற்றவர் யார் என்று வினவுவாரோ அருகியிருக்கின்றனர். பின்னதற்கு விடை காணாது முன்னதற்கு விடை காணமுடியாதென்பது யாம் ஈண்டு நிறுவப் புகுவது.

அண்மையில் நிகழ்ந்தன சிலவற்றை நோக்குவோம். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மெல்போர்ன் நகரத்தினின்றும் பசிபிக் தீவுகளுக்குப் பத்து நாட் பிரயாணமாகச் சென்ற ‘கார்னிவல் லெஜெண்ட்’ என்னும் கப்பலில் ஒரு பெருங்குடும்பத்தாரைச் சூழ்ந்து சச்சரவுகள் அடுத்தடுத்து எழுந்தன. இறுதியில் நடுச்சாமத்துக்குப் பின் கைகலப்பு முற்றவே, கப்பல் வழியை மாற்றிக்கொண்டு நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்து ஈடன் என்னும் ஊரையடைந்து, அக்கூட்டத்தார் 23 பேர் அங்குக் கரையிறங்க நேர்ந்தது. 2019-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நார்வே நாட்டினின்றும் சவுத்தாம்ப்டனுக்கு மீண்டுகொண்டிருந்த ‘பிரிட்டானியா’வில், நாளெல்லாம் விருந்தும் மதுவுமாகக் கழிந்தபின், உணவுச்சாலையில் தட்டுகளும் நாற்காலிகளும் படைக்கலங்களாயின, அறுவர் தாக்குண்டனர். 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நியூயார்க் துறைமுகத்தை அணுகிக்கொண்டிருந்த ‘கார்னிவல் மாஜிக்’ கப்பலின் நடனசாலையில் விடியற்காலை இரண்டு மணியளவில் அறுபது பேர்வரை கலந்துகொண்ட சண்டையொன்று மூண்டமையால், அமெரிக்கக் கடற்காவற் படகு உடன்வரக் கப்பல் துறைபுகுந்தது. மூன்றும் வெவ்வேறு கடல்களில் நிகழ்ந்தன. மூன்றும் நள்ளிரவு கழிந்த பின்னரே நிகழ்ந்தன.

ஊரிலுள்ள மதுக்கடையிலும் இத்தகைய சண்டைகள் நிகழ்வன அல்லவோ, கப்பலுக்குமட்டும் என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். ஊரில், கலகத்துக்கு அஞ்சினவன் தெருவழியே நடந்து தன் வீடு சேர்வான், காவல்நிலையத்துக்கு ஓடுவான். கடலின் நடுவே அவன் எங்கே செல்வான்? தன்னை அச்சுறுத்தினவனோடேயே மறுநாட் காலையில் ஒரே கூடத்தில் உணவருந்தவேண்டும். ஒரே படிக்கட்டில் ஏறியிறங்கவேண்டும். நீதிமொழிகள் ஆகமத்தின் 23-ஆம் அதிகாரத்தில், தரையில் மயங்கிக் கிடப்பவனது தள்ளாட்டத்தை விளக்குதற்கு ஞானியானவர் கடலையும் பாய்மரத்தையும் உவமையாகக் கொண்டார். உல்லாசக் கப்பலிலோ உவமையும் பொருளும் ஒன்றாகிவிட்டன. குடித்தவன் மெய்யாகவே நடுக்கடலில் இருக்கின்றான். அவனோடு மூவாயிரம் நாலாயிரம் பேர் குடியாதாரும் அளவிற் குடித்தாருமாக இருக்கின்றனர்.

கலகக்காரனை அடக்கும் அதிகாரம் மீகாமனுக்குப் பண்டுதொட்டே உண்டு. இங்கிலாந்தின் 1894-ஆம் வருஷத்துக் கப்பற் சட்டம், குடிவெறியால் பிறர்க்குத் தொல்லை விளைப்பானைக் கரையோரக் கப்பல்களில் ஏற்றிக்கொள்ள மறுக்கவும், ஏறிவிட்டானாயின் தக்கதோரிடத்தில் இறக்கிவிடவும் கப்பற்றலைவனுக்கு உரிமையளித்தது; அவன் கொடுத்த கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை என்றும் கூறிற்று. அந்நாட்டின் 1995-ஆம் வருஷத்துச் சட்டம், கப்பலின் பாதுகாப்புக்கோ ஒழுங்குக்கோ வேண்டுமென்று மீகாமனுக்குத் தோன்றினால் எவனையும் வேண்டுமளவு காவலில் வைக்கலாமென்று விதிக்கின்றது. இவ்வதிகாரத்தை யாம் குறை கூறோம். காவல்நிலையமும் நியாயஸ்தலமும் எட்டாத இடத்தில் ஒருவன் கையில் அதிகாரம் இருந்தே தீரவேண்டும். இக்காலத்துப் பெருங்கப்பல்களின் கீழ்த்தளத்தில், பயணத்தை விளம்பரப்படுத்தும் வண்ணப் படங்களிற் காணப்படாத சிறிய சிறையறையொன்று இருப்பது வழக்கம். சிறு குற்றத்துக்கு அவனது சொந்த அறையிலேயே அடைத்துக் கதவருகே காவலாளை நிறுத்துவர். பெருங்குற்றமாயின் கீழே கொண்டுசெல்வர். அடுத்த துறையில் அவனை இறக்கிவிடுவர். அங்கிருந்து ஊர் திரும்பும் செலவு அவனுடையது. தம் கப்பல்களில் அவன் இனி ஏறலாகாதென்று கம்பெனியார் விலக்குவதும் உண்டு.

இவையெல்லாம் தக்கனவே, ஆயின் தீங்கு விளைந்தபின் வருவன. விலக்கும் அரைகுறையானது. ஆகாய விமானங்களைப்பொறுத்தவரை இந்திய அரசாங்கத்தார் 2017-ஆம் ஆண்டில் விதிகள் செய்து, வாய்ச்சொல்லால் தொல்லை கொடுப்பானுக்கு மூன்று திங்கள்வரை, கைந்நீட்டுவானுக்கு ஆறு திங்கள்வரை, உயிர்க்கே ஊறு சூழ்வானுக்கு இரண்டாண்டோ அதற்கு மேலோ என்று தடையை மூவகைப்படுத்தி, அத்தகையார் பட்டியலைப் பொதுவாக வைத்தனர். கப்பலுலகில் ஒரு கம்பெனியார் விலக்கினவனை மற்றொரு கம்பெனியார் மலர்கொடுத்து வரவேற்பதற்குத் தடையொன்றும் காணோம்.

இதனினும் பெரிய குறை வேறொன்றுண்டு. கப்பலில் மது விற்பவரும் கம்பெனியார். மயங்கினவனைப் பிடிப்பவரும் கம்பெனியார். நிகழ்ந்ததைப் படம்பிடித்து வைத்திருக்கும் கருவிகளும் கம்பெனியாருடையன. தாக்குண்டவளுக்கு மருந்திடும் வைத்தியரும் அவர் சம்பளம் பெறுபவர். மேலே கூறிய 2018-ஆம் வருஷத்துக் கலகத்தில், தரையில் வீழ்ந்துகிடந்த பிரயாணிகளைக் காவலர் காலால் உதைப்பதைக் காட்டும் படங்கள் வெளிவந்தன; கம்பெனியாரே அதனை விசாரிப்பதாக அறிவித்தனர். நள்ளிரவில் பல ஆட்களைச் சில ஆட்கள் எதிர்த்து நிற்கும்போது பொறுமை எளிதன்று. அக்காவலரை அந்நிலையிற் கொண்டுநிறுத்தினது எதுவென்பதே கேள்வி.

2002-ஆம் ஆண்டில், சிட்னி நகரை விட்ட ‘பசிபிக் ஸ்கை’ என்னும் கப்பலில் ஒரு பெண்மணி, கப்பலேறிய முதலிரவு கழிந்த காலையில், அயலார் அறையில் உயிர்நீத்துக் கிடந்தார். மதுவும் போதைமருந்தும் அவருடலிற் காணப்பட்டன. 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய மரண விசாரணையில், அவ்விரவில் கப்பலின்கண் நிலவிய ஒழுங்கீனமும், மரணம் நிகழ்ந்த அறையைப் பாதுகாவாது விட்ட அசட்டையும் வெளியாகி ஆஸ்திரேலியா முழுவதையும் திகைக்கவைத்தன. அதன்பின்னரே, பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர் கும்பல் கும்பலாகக் குடித்துக் களிக்கச் செல்லும் பிரயாணங்களை அக்கம்பெனியார் நிறுத்தினர். ஆஸ்திரேலியப் பாராளுமன்றக் குழுவொன்று கடற்குற்றங்களை ஆராய்ந்து 2013-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமோ, கப்பலின் கைப்பிடிச்சுவர் 42 அங்குலத்துக்குக் குறையலாகாது, அறைக் கதவில் வெளிநிற்பாரைக் காணும் துளை வேண்டும், பெருங்குற்றங்களை அரசாங்கத்துக்கு உடனே அறிவிக்கவேண்டும் என்று விதித்தது. அச்சட்டப்படி வெளியாகும் கணக்குகளில் பாலியற் குற்றங்களே மிகுந்து காணப்படுகின்றன. சுவரின் உயரத்தை அங்குலக் கணக்கில் அளந்த சட்டம், மதுக்கிண்ணத்தின் எண்ணிக்கையை அளக்கவில்லை.

கப்பல்களின் கொடியைப்பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். பெரிய உல்லாசக் கப்பல்களிற் பல பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா முதலிய நாடுகளின் கொடியைத் தாங்கிச் செல்வன. நடுக்கடலில் நிகழும் குற்றத்துக்குக் கொடிக்குரிய நாட்டின் சட்டமே முதலாவது செல்லும். இவ்வழக்கத்தின் தொடக்கத்தை ஆராய்ந்தால் நகைப்பும் வருத்தமும் ஒருங்கே எழும். அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய காலத்தில், தம் நாட்டுக் கொடியின்கீழ் மது விற்கலாகாதென்று கண்ட கப்பற்காரர், ‘ரிலையன்ஸ்’, ‘ரெசல்யூட்’ என்னும் இரு கப்பல்களை 1922-ஆம் ஆண்டில் பனாமாக் கொடிக்கு மாற்றினர். நாட்டெல்லைக்கப்பாற் சென்று குடித்துத் திரும்புதற்கென்றே குறும்பிரயாணங்களும் அந்நாளிற் பெருகின. மதுவுக்காக அயற்கொடியைத் தேடியவர், அக்கொடியோடு அயற்சட்டத்தையும் பெற்றனர்.

இதுகொண்டு, மதுவும் உல்லாசப் பிரயாணமும் உடன்பிறந்தனவென்று முடிவுசெய்தல் தவறாகும். 1841-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள், பாப்டிஸ்து சபையைச் சேர்ந்த தாமஸ் குக் என்பவர் லெஸ்டர் நகரினின்றும் லஃப்பரோ என்னும் ஊருக்குச் சற்றேறக்குறைய 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயில்வண்டியில் அழைத்துச் சென்றார். அவர்கள் சென்றது மதுவிலக்குக் கூட்டமொன்றற்கு! உலகப் புகழ்பெற்ற பிரயாணக் கம்பெனியாகிப் பின்னர் 2019-ஆம் ஆண்டில் வீழ்ந்த அந்நிறுவனம் இங்ஙனமே பிறந்தது. ஏழை மக்கள் மதுக்கடையை மறந்திருக்க உல்லாசப் பிரயாணம் உதவுமென்பது குக் கண்ட கனவு.

இனி, இக்காலத்து விற்பனைமுறையைக் காண்போம். கோப்பைக்குக் கோப்பை விலைகொடுத்து அருந்துவது ஒருவகை. மற்றொன்று, பிரயாணத்துக்கு முன்னரே நாளொன்றுக்கு இத்துணை டாலரென்று முழுநாட்களுக்கும் கட்டிவிட்டு, விரும்பியவாறு குடிக்கும் முறை. இதனை ‘பாக்கேஜ்’ என்பர். ஒருநாளைக்கு 84 டாலர் கொடுத்தான் ஒருவன், ஒரு கோப்பையின் தனிவிலை 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஏழு கோப்பை குடித்தாலன்றி அவனுக்கு நஷ்டம். இரண்டோடு நிறுத்தும் நல்லறிவாளன் அறுபது டாலரை இழக்கின்றான். எட்டாவதைக் கேட்பவன் தன்னைக் கெட்டிக்காரனென்று எண்ணிக்கொள்கின்றான். அளவறிந்து வாழ்தலை நஷ்டமாகவும் அளவுகடத்தலை லாபமாகவும் ஆக்கியது இம்முறை. இது போதாதென்று, ஓர் அறையில் தங்கும் பெரியவர்களுள் ஒருவர் இதனை வாங்கின் மற்றவரும் வாங்கவேண்டுமென்று சில கம்பெனியார் விதித்துள்ளனர். ஒருவர் வாங்கி இருவர் குடிப்பதைத் தடுக்கவே இவ்விதி என்பர். அங்ஙனமாயின் குடியா மனைவி, கணவனது குடிக்காகத் தானும் கப்பங்கட்டவேண்டியவளாகின்றாள்.

கார்னிவல் கம்பெனியார் தம் திட்டத்தில் 24 மணி நேரத்துக்கு 15 மதுக்கோப்பைகள் என்று வரம்பு செய்துள்ளனர். வரம்பென ஒன்று இருப்பது நன்றே. ஆயினும் ஒரு வாரப் பிரயாணத்துக்கு இது 105 கோப்பையாகின்றது. இங்கிலாந்தின் தலைமை வைத்திய அதிகாரிகள் 2016-ஆம் ஆண்டில், வாரத்துக்கு 14 அலகுக்கு மிகாதிருத்தல் நலமென்று அறிவுறுத்தினர். கப்பலில் தரும் கோப்பையொன்று பெரும்பாலும் ஓர் அலகுக்குக் குறையாது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகையிடம் இக்கணக்கைக் காட்டியிருப்பின் என் சொல்லியிருப்பாரோ!

இவ்வரம்பினால் நாம் அறிந்துகொள்ளவேண்டிய செய்தியொன்று உண்டு. ஊர் மதுக்கடைக்காரன், ‘இவன் வேறெங்குக் குடித்துவிட்டு வந்தானோ யானறியேன்’ என்று சொல்லித் தப்பலாம். கப்பலிலோ நாணயம் செல்லாது. அறைச்சீட்டைக் காட்டியே எதனையும் பெறவேண்டும். எந்தப் பிரயாணி, எந்த மதுச்சாலையில், எத்தனை மணிக்கு, எத்தனையாவது கோப்பையைப் பெற்றான் என்பது கம்பெனியாரின் கணக்கில் நொடிக்குநொடி ஏறுகின்றது. பதினாறாவது கோப்பையை மறுக்கவல்ல பொறி ஏழாவதை மறுக்கவும் வல்லதே. அறியாமையைச் சாக்காகக் கூறும் வழி கப்பற்காரர்க்கு இல்லை.

மது பரிமாறும் சிப்பந்திகளை நினைக்குந்தோறும் எம் நெஞ்சம் இரங்குகின்றது. இவர்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, நம் இந்தியா முதலிய தேசங்களினின்றும் பல திங்கள் ஒப்பந்தத்தில் குடும்பத்தைப் பிரிந்து செல்பவர். மயங்கினவனுக்கு மேலும் வழங்கலாகாதென்று இவர்க்குப் பயிற்சியளிக்கப்படுகின்றது. ஆயின் மதுவின் விலைமேல் நூற்றுக்கு 18 முதல் 20 வரை ஊழியக்கட்டணமாகச் சேர்த்து வாங்கப்படுகின்றது. விற்பனை மிக மிக வருவாய் மிகும் தொழிலில் அமர்த்திவிட்டு, விற்க மறுப்பாயாக என்பது, பசித்தவனைச் சமையலறையிற் பூட்டிவிட்டு உபவாசத்தின் மேன்மையைப் போதிப்பதை ஒக்கும். மறுத்தாலோ, அப்பிரயாணி மேலதிகாரியிடம் சென்று முறையிடுவான். மறுத்த சிப்பந்திக்கு ஊதியக் குறைவும் இல்லை, கண்டிப்பும் இல்லை என்று எழுத்தில் உறுதிகூறிய பின்னரன்றி அப்பயிற்சி வெறும் ஏட்டுச் சுரைக்காயே.

கப்பலோட்டுவோர்க்குள்ள விதியையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2010-ஆம் ஆண்டில் மணிலா நகரில் திருத்தப்பட்டு 2012-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதிகளின்படி, பாதுகாப்புக் கடமைகளைச் செய்யும் கப்பலாளர் இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 சதவீதத்துக்கு மேற்படலாகாது. பிரயாணிக்கு அத்தகைய அளவு ஒன்றும் இல்லை. அவன் கப்பலை ஓட்டுபவனல்லனே எனலாம். ஆனால் ஆபத்து வருங்கால் அவனும் செய்யவேண்டிய கடமையொன்று உண்டு. 2012-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இத்தாலியக் கரையில் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டபின், பிரயாணிகளை ஒன்றுகூட்டும் ஒத்திகையைக் கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தவேண்டுமென்று 2015 முதல் விதி வந்தது. எல்லோரும் கூடி மிதவைச்சட்டை அணிந்தபின், கைவிடும் ஆணை பிறந்து 30 நிமிஷத்துக்குள் உயிர்காக்கும் படகுகள் அனைத்தும் நீரில் இறங்கத்தக்கனவாயிருத்தல் வேண்டும். பதினாலாவது கோப்பையை முடித்தவனைக் கூட்டத்துக்கு இழுத்து வருவார் யார்? சாய்ந்த தளத்தில் அவனுக்குச் சட்டையணிவிப்பார் யார்? நோவா பேழைக்குள்ளிருந்தபோது குடித்ததாக வேதம் கூறவில்லை. வெள்ளம் வடிந்து, கரையேறி, திராட்சத்தோட்டம் நாட்டிய பின்னரே அவர் மயங்கினார்.

‘தம் பொருளைச் செலவிட்டு இன்புற வந்தவர், பெரியவர், அவர்க்கு அளவு கற்பிக்க நீவிர் யார்?’ என்று எம்மைக் கேட்பாரும் உளர். மிஷன் கல்லூரியிற் பயில்பவர் மதுவைப் பழிப்பது இயல்புதானே என்று நகைப்பாரும் உளர். மதுவை அறவே ஒழித்தல் நன்றென்பது எம் சொந்தக் கருத்தாயினும், அதனை இவ்வாதத்துக்கு யாம் அடிப்படையாகக் கொள்ளவில்லை. மாலையுணவோடு ஒரு கோப்பை அருந்தி உறங்கச் செல்பவரின் உரிமை எம்மாற் சிறிதும் குறைவதன்று. முன்விலை கட்டும் முறையை ஒழித்துவிடின் அவர்க்கு லாபமேயன்றி நஷ்டமில்லை. மேலும், சுதந்தரம் என்று பேசுமிடத்து, குடித்தவனுடைய சுதந்தரம் ஒன்றையே எண்ணுவது ஏன்? இருளில் தன் அறைக்குத் தனியே நடந்துசெல்லும் பெண்ணின் சுதந்தரமும், குழந்தைகளோடு வந்த தந்தையின் சுதந்தரமும், அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டு புன்னகைக்கும் சிப்பந்தியின் சுதந்தரமும் கணக்கிற் சேரவேண்டுவனவல்லவோ?

இவ்வினாக்கள் தமிழர்க்குத் தூரத்துச் செய்தியல்ல. 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சென்னைத் துறைமுகத்தினின்றும் உல்லாசக் கப்பற் பயணம் தொடங்கிவைக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அதே துறையினின்றும் புறப்பட்ட ‘எம்பிரஸ்’ கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்குச் சென்றது. குடும்பத்தோடு செல்பவரே நம் நாட்டில் மிகுதி; அவருள் கடலையே முதன்முறை காண்பாரும் பலராவர். பிற நாட்டார் இருபதாண்டு துன்புற்றுக் கற்றதை நாமும் துன்புற்றே கற்கவேண்டுமென்னும் நியதி இல்லை. துறையில் தங்க உரிமையளிக்கும் அதிகாரிகள், அவ்வுரிமைக்குரிய நிபந்தனைகளில் சிலவற்றைச் சேர்த்தல் கூடும்: முன்விலை கட்டி அளவின்றிக் குடிக்கும் திட்டம் இத்துறையில் ஏறுவார்க்கு விற்கப்படலாகாது, அறைச்சீட்டின் கணக்கைக்கொண்டு நாளொன்றுக்குரிய கோப்பைகளை வைத்தியர் கருத்தையொட்டி வரையறுக்கவேண்டும், கலகம் நிகழின் அக்கணக்கும் கருவிப்படங்களும் துறையையடைந்த அன்றே காவற்றுறையாரிடம் ஒப்புவிக்கப்படவேண்டும். இவற்றுள் முதலாவதையே கப்பற்காரர் வன்மையாக எதிர்ப்பரென்று எதிர்பார்க்கின்றோம்.